பலபொருள் ஒருசொல்லாகிய ‘எர்த்’: பிளாஸ்மா வெட்டுப்பொறியில் நில இணைப்பும் மின்னிரைச்சலும்

1. பொருளும் நோக்கமும்

இரும்புத் தகட்டை வேண்டிய வடிவில் அறுத்தெடுக்கும் தொழிற்கூடங்களில் கணிப்பொறியால் இயங்கும் பிளாஸ்மா வெட்டுப்பொறி இன்று பெருவழக்காகியுள்ளது. இப்பொறியினுள் ஒன்றற்கொன்று பகையான இருவேறு மின்னியல்புகள் ஒருங்கு வைக்கப்பட்டுள்ளன. ஒருபால் பத்துக்கணக்கிலும் நூற்றுக்கணக்கிலும் ஆம்பியர் பாயும் மின்வில் உள்ளது. மறுபால் ஐந்து வோல்ட்டும் அதற்குக் குறைந்ததுமாகிய நுண்குறிப்புகளைக் கொண்டு மோட்டார்களை நடத்தும் கணிப்பொறி உள்ளது. முன்னது எழுப்பும் கலக்கம் பின்னதன் குறிப்புகளிற் புகுந்து அவற்றைத் திரித்துவிடுமாயின் வெட்டு வழிதவறும், தகடு வீணாகும், சிலபோது பொறி நின்றுபோகும். இக்கலக்கத்தையே மின்னிரைச்சல் என்பர்.

இரைச்சலுக்கு மருந்து யாதென வினவின், பொறியமைப்போர் பெரும்பாலும் ஒரே சொல்லில் விடை கூறுவர்: ‘எர்த் சரியில்லை, நன்றாக எர்த் கொடுக்க வேண்டும்’. இவ்விடை பொய்யன்று, ஆயின் முழுமையானதும் அன்று. எர்த் என்னும் அவ்வொரு சொல் இப்பொறியில் மூன்று வேறு பொருள்களைக் குறிக்கின்றது. ஒன்றற்குக் கூறிய மருந்தை மற்றொன்றற்குச் செய்யின் நோய் தீராது. சில இடங்களில் பணியாளின் உயிருக்கே ஏதம் விளையும். ஆதலின் இஃது பொறியியலார்க்கு மட்டும் உரிய செய்தி அன்று. சொற்பொருள் ஆராய்வார்க்கும் கலைச்சொல் ஆக்குவார்க்கும் உரியது. பொறியின் இயல்பை முதற்கண் விளக்கி, அதன் வழியே அச்சொல்லின் மூன்று பொருள்களையும் பிரித்துக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பிளாஸ்மா வெட்டின் இயல்பு

வளி மிக உயர்ந்த வெப்பத்தை அடையுங்கால் அதன் அணுக்களினின்றும் எலெக்ட்ரான்கள் பிரிந்து, மின்னைக் கடத்தும் நிலையை அது பெறுகின்றது. இந்நிலைக்குப் பிளாஸ்மா என்னும் பெயரை 1928-இல் இர்விங் லாங்மூர் வழங்கினார். இச்சொல் கிரேக்கத்தில் ‘வார்த்து உருவாக்கப்பட்டது’ எனப் பொருள்படும். இதனை உலோகம் வெட்டுதற்குப் பயன்படுத்தும் முறைக்கு யூனியன் கார்பைடு நிறுவனத்தைச் சார்ந்த இராபர்ட் கேஜ் 1957-இல் காப்புரிமை பெற்றார். மின்வில்லை ஒரு சிறு துளையின் வழியே நெருக்கிச் செலுத்துதலே அவர் கண்ட முறையின் உயிர்நிலை.

வெட்டும் கருவியைத் தொழிலாளர் டார்ச் என்பர். அதன் நடுவே எதிர்மின்வாய் அமைந்துள்ளது. அதனைச் சூழ நுண்துளையுடைய நாசில் உள்ளது. தொடக்கத்தில் எதிர்மின்வாய்க்கும் நாசிலுக்கும் இடையே ஒரு சிறு வில் எழுப்பப்படுகின்றது. அதனை முன்னோடி வில் எனலாம். டார்ச் தகட்டை அணுகியவுடன் அவ்வில் நாசிலை விடுத்துத் தகட்டிற்குத் தாவுகின்றது. அதன்பின் மின்னோட்டம் எதிர்மின்வாய், பிளாஸ்மா, தகடு, தகட்டொடு பிணைத்த தடித்த கம்பி, மின்வழங்கியின் நேர்முனை என ஒரு முழுவட்டமாக அமைகின்றது. வட்டம் முழுமையுறாவிடின் வெட்டு இல்லை. இவ்வுண்மையை உளங்கொள்ளல் வேண்டும். பின்னர்க் கூறுவனவற்றிற் பல இதனைச் சார்ந்தே நிற்கின்றன.

வில் எழாத நிலையில் மின்வழங்கி தரும் அழுத்தம் பெரும்பாலும் 200 முதல் 400 வோல்ட் வரை அமையும். வெட்டு நிகழுங்கால் அது ஏறத்தாழ 100 முதல் 200 வோல்ட் அளவில் நிற்கும். ஓட்டமோ சிறு பொறிகளில் 30 ஆம்பியர் தொடங்கிப் பெரும் பொறிகளில் 400 ஆம்பியரையும் கடந்து செல்லும்.

3. பொறியை நடத்தும் குறிப்புகள்

எண்களைக் கொண்டு பொறியை நடத்தும் முறை அமெரிக்காவில் ஜான் பார்சன்சு என்பாரின் கருத்தினின்று வளர்ந்து, மாசசூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தில் 1952-இல் செயல்முறையிற் காட்டப்பட்டது. இன்றைய பிளாஸ்மா மேசையில் டார்ச்சைத் தாங்கிய பாலச்சட்டம் நீளவாக்கிலும், டார்ச் அச்சட்டத்தின்மீது குறுக்குவாக்கிலும், மேலும் கீழும் நகர்கின்றது. கணிப்பொறி விடுக்கும் ஒவ்வொரு மின்துடிப்புக்கும் மோட்டார் ஒரு சிறு படி திரும்பும். ஒரு துடிப்புக்கு 0.01 மில்லிமீட்டர் நகர்வு எனக் கொள்வோமாயின், இரைச்சலால் நூறு பொய்த்துடிப்புகள் புகுந்த அளவிலே வெட்டு 1 மில்லிமீட்டர் பிறழ்ந்துவிடும். தன்னிலையை மீட்டுணர்த்தும் கருவியில்லாத படிநிலை மோட்டாருக்குத் தான் பிறழ்ந்தமை தெரியாது, கணிப்பொறிக்கும் தெரியாது. வட்டமாகத் தொடங்கிய வெட்டு தொடங்கிய புள்ளியில் வந்து முடியாதபோதுதான் பிழை வெளிப்படும்.

இதனினும் நுண்ணியது டார்ச்சின் உயரத்தைக் காக்கும் அமைப்பு. வில் நீளின் அதன் அழுத்தம் கூடும், குறுகின் குறையும். ஆதலின் வில்லின் அழுத்தத்தை அளந்தே டார்ச் தகட்டினின்று எவ்வளவு உயர்ந்துள்ளது என்பதைக் கருவி உய்த்துணர்கின்றது. 5 வோல்ட் மாற்றம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் உயர மாற்றத்தைக் குறிக்கும் என்பது நடைமுறைக் கணக்கு. வில்லின் உயரழுத்தத்தை நேரே கணிப்பொறிக்குள் விடுதல் இயலாது. ஆதலின் அதனை ஐம்பதில் ஒரு பங்காகக் குறைத்து அளிக்கும் பிரிப்பான் பல பொறிகளில் உள்ளது. அவ்வாறு குறைத்தபின் 5 வோல்ட் என்பது 0.1 வோல்ட் ஆகின்றது. எனவே அக்கம்பியில் 0.1 வோல்ட் இரைச்சல் நிலையாகப் புகின் டார்ச் அரை மில்லிமீட்டர் தாழவோ உயரவோ செய்யும். நூற்றைம்பது வோல்ட் கொந்தளிக்கும் இடத்திற்கு அருகே பத்தில் ஒரு வோல்ட்டைப் பிழையறக் காத்தல் வேண்டும் என்பதே இப்பொறியின் அருமைப்பாடு.

4. இரைச்சல் பிறக்கும் இடங்கள்

இரைச்சலின் தாயகங்கள் மூன்று. முதலாவது, வில்லைத் தொடங்குதற்கு ஆளும் உயர் அதிர்வெண் மின்னோட்டம். முன்னோடி வில்லை எழுப்புதற்குச் சில பொறிகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் அழுத்தம், நொடிக்கு ஏறத்தாழ இருபது இலட்சம் அலைவுகளோடு ஏற்றப்படுகின்றது. இதன் பொறிமுறை, 1887, 1888 ஆகிய ஆண்டுகளில் ஹென்ரிக் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளைத் தோற்றுவித்துக் காட்டிய தீப்பொறிக் கருவியின் வழிவந்ததே. அக்கருவி அலைகளை வெளியிடுதற்கென்றே செய்யப்பட்டது. வெட்டுப்பொறியின் தொடக்கியோ வேண்டாமலே வெளியிடுகின்றது. டார்ச்சிற்குச் செல்லும் நீண்ட கம்பி வானொலி நிலையத்தின் அலைவாங்கி போன்று அவ்வலைகளைப் பரப்புகின்றது.

இரண்டாவது, வில் தாவும் கணத்தில் ஓட்டம் திடீரெனப் பெருகுதல். 1831-இல் ஃபாரடே கண்ட தூண்டல் விதிப்படி, மாறும் ஓட்டம் அருகிலுள்ள கம்பிகளில் அழுத்தத்தைத் தோற்றுவிக்கும். மாற்றம் எத்துணை விரைவோ அத்துணை மிகும். மூன்றாவது, மின்வழங்கியிலும் மோட்டார் இயக்கிகளிலும் உள்ள குறைக்கடத்தி நிலைமாற்றிகள் நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடுதல். எதிர்மின்வாயும் நாசிலும் முதலில் ஒட்டியிருந்து வளியின் விசையால் விலகி வில்லெழுப்பும் புதுமுறைப் பொறிகளில் முதல் தாயகம் இல்லை. ஏனை இரண்டும் உள. ஆதலின் அவற்றில் இரைச்சல் குறையுமேயன்றி அறவே ஒழியாது.

5. புகும் வழிகள்

பிறந்த இரைச்சல் குறிப்புக்கம்பியை அடையும் வழிகள் நான்கு. பொதுவான ஒரு கடத்தியைப் பெருமின்னோட்டமும் நுண்குறிப்பும் பகிர்ந்துகொள்வது ஒன்று. இதனைக் கடத்தல் வழி எனலாம். அருகருகே ஓடும் இரு கம்பிகளுக்கிடையே உள்ள மின்புலத்தின் வழியாகப் புகுதல் இரண்டாவது. காந்தப் புலத்தின் வழியாகப் புகுதல் மூன்றாவது. வெளியில் பரவும் அலையாக வந்து புகுதல் நான்காவது. இவற்றுள் முதல்வழியே நில இணைப்பொடு நேர்த்தொடர்பு உடையது. அதுவே மிகுதியும் தவறாக உணரப்படுவதும் ஆகும்.

6. சொல்லின் வரலாறு

தந்தியில் மண் பயன்பட்டது காப்பின் பொருட்டு அன்று, செலவு குறைத்தற்பொருட்டு. தந்தி தோன்றிய தொடக்கத்தில் செய்தி செல்ல ஒரு கம்பியும் மீள ஒரு கம்பியும் வேண்டப்பட்டன. 1838-இல் செருமனியில் இசுட்டைன்ஹைல் என்பார் மீள்கம்பிக்கு மாற்றாக மண்ணையே பயன்படுத்தலாம் எனக் கண்டார். அன்று எர்த் என்பது மின்னோட்டம் மீளும் வழி. பின்னர் வீடுகளிலும் ஆலைகளிலும் மின்வழங்கல் பரவியபோது, பொறியின் உலோக உடலில் மின் பாயின் அதனைத் தீங்கின்றிப் போக்கும் காப்புவழிக்கும் அதுவே பெயராயிற்று. வானொலியும் மின்னணுக் கருவிகளும் வந்தபின், ஏனை அழுத்தங்களையெல்லாம் எதனொடு ஒப்பிட்டு அளக்கிறோமோ அந்தச் சுழியப் புள்ளிக்கும் அப்பெயரே வழங்கலாயிற்று. மீள்வழி, காப்பு, ஒப்பு என மூன்று பொருளும் ஒரு பெயருள் அடங்கிய வரலாறு இது.

தமிழ்நாட்டுத் தொழிற்கூட வழக்கிலும் இம்மூன்றும் உள. மண்ணில் தோண்டிக் குழாய் பதித்த இடம் எர்த் குழி. வெல்டிங் செய்வார் தகட்டிற் பிணைக்கும் பிடிப்பு எர்த் கிளாம்ப். கட்டுப்பாட்டுப் பலகையில் குறிப்புக்கம்பியோடு வரும் மற்றொரு கம்பியும் எர்த். வண்டிகளில் மின்கலத்தின் எதிர்முனையைச் சட்டத்தொடு பிணைப்பதனை பாடி எர்த் என்பர். பிளாஸ்மா பொறியிலோ எர்த் கிளாம்ப் எனப்படுவது மின்வழங்கியின் நேர்முனை. ஒருவர் எதிர்முனையை எர்த் என்கிறார். மற்றொருவர் நேர்முனையை எர்த் என்கிறார். இருவரும் தத்தம் தொழிலில் வழுவின்றியே பேசுகின்றனர். இனி மூன்றனையும் தனித்தனியே காண்போம்.

7. முதற்பொருள்: காப்புநிலம்

பொறியின் உலோக உடலில் வழங்கல் மின் தவறிப் பாய்ந்தால் உடனே பெருமின்னோட்டம் எழுந்து துண்டிப்பி விடுபடல் வேண்டும். அதற்காகவே உடல் பச்சைக் கம்பியால் நிலத்தொடு இணைக்கப்படுகின்றது. ஈண்டு ஒரு பெருந்தவறான கருத்து நிலவுகின்றது. மின்னை மண் உறிஞ்சிக்கொள்ளும் என்றும், ஆதலின் பொறிக்கெனத் தனிக் குழி தோண்டி, கட்டடத்தின் நில இணைப்பொடு தொடர்பறுத்து வைத்தால் இரைச்சலும் நீங்கும், காப்பும் கிட்டும் என்றும் கருதுவார் உளர்.

இதனைக் கணக்கால் ஆராய்வோம். தனிக்குழியின் மண்தடை 5 ஓம் எனவும், மின்மாற்றியின் நிலத்தடை 1 ஓம் எனவும் கொள்க. 230 வோல்ட் வழங்கல் உடலில் பாயின் எழும் ஓட்டம் 230-ஐ 6-ஆல் வகுக்க வருவதாகிய ஏறத்தாழ 38 ஆம்பியர். 63 ஆம்பியர்த் துண்டிப்பி இதற்கு விடுபடாது. பொறியின் உடலோ 38-ஐ 5-ஆற் பெருக்க வருவதாகிய ஏறக்குறைய 190 வோல்ட்டில் நின்றுகொண்டிருக்கும். அதனைத் தொடும் பணியாளின் உடல்தடை 1500 ஓம் எனக் கொள்ளின் அவர் உடலிற் பாயும் ஓட்டம் ஏறத்தாழ 127 மில்லி ஆம்பியர். உயிர்காக்கும் கசிவுத் துண்டிப்பிகள் 30 மில்லி ஆம்பியரிலேயே விடுபடுமாறு அமைக்கப்படுகின்றன என்பதனொடு இதனை ஒப்புநோக்கின் ஏதத்தின் அளவு விளங்கும். அத்தகைய துண்டிப்பி இல்லாத இணைப்பாயின் பணியாளைக் காப்பது எதுவுமில்லை.

ஆகவே காப்பு மண்ணால் வருவதன்று; வழங்கலின் நடுநிலைப் புள்ளி வரை இடையறாது செல்லும் தடைகுறைந்த உலோக வழியால் வருவது. வெட்டுமேசையருகே தனியே ஒரு நிலத்தண்டு அடிப்பதனைச் செய்குநர் பலர் பரிந்துரைக்கின்றனர், அது தக்கதே. ஆயின் அத்தண்டு கட்டடத்தின் காப்பு நிலத்தொடு கட்டாயம் பிணைக்கப்படல் வேண்டும். இந்தியத் தரநிறுவனத்தின் 3043 எண்ணுடைய நெறிநூல் நில இணைப்புப் பற்றியதாகும். இணைப்பு வேலையை அந்நெறியறிந்த உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே ஒப்படைத்தல் முறை.

இதனினும் கொடியது மற்றொரு வழக்கம். கணிப்பொறியின் மூன்றுகால் செருகியில் பெரிய காலை நீக்கிவிட்டால் இரைச்சல் குறைகின்றது எனக் கண்டு அவ்வாறே செய்துவைப்பர். இரைச்சல் குறைவது உண்மையாகலாம்; ஏனெனில் இரைச்சல் ஓட்டம் சுழன்ற ஒரு வளையம் அறுபட்டது. ஆயின் அறுபட்டது பணியாளின் உயிர்க்காப்பும் ஆகும். இரைச்சலை நீக்குதற்பொருட்டுக் காப்புநிலத்தை நீக்குதல் எக்காரணத்தாலும் ஏற்கத்தக்கதன்று.

8. இரண்டாம் பொருள்: மீள்தடம்

தகட்டினின்று மின்வழங்கிக்கு மீளும் தடித்த கம்பி வெட்டு வட்டத்தின் ஒரு பாதி. இதற்கும் மண்ணிற்கும் இயல்பான தொடர்பு யாதுமில்லை. வெட்டு மின்னோட்டம் மண்ணிற் செல்லுதற்குரியதும் அன்று. இதனை எர்த் என்று அழைப்பதனால், ‘மேசைதான் நிலத்தொடு இணைந்துள்ளதே, பிடிப்பு எங்கிருப்பினும் என்ன?’ என்னும் எண்ணம் எழுகின்றது.

அவ்வெண்ணம் இருவகையில் தீங்கு தரும். பிடிப்பின் தொடுமுகத்தில் துருவும் வண்ணமும் படிந்து 0.05 ஓம் தடை ஏற்பட்டதாகக் கொள்க. 100 ஆம்பியர் வெட்டில் அங்கே 5 வோல்ட் வீழும். 500 வாட் வெப்பம் பிறக்கும். அந்த 5 வோல்ட்டை வில்லின் நீட்சியெனக் கருவி மயங்குமாயின் டார்ச் அரை மில்லிமீட்டர் தாழும். பிடிப்புத் தளர்ந்து தடை கணந்தோறும் மாறின் டார்ச் நடுங்கும். கட்டுப்பாட்டுக் கருவியைக் குறைகூறும் பலர் பிடிப்பின் அடியில் உள்ள துருவைக் காண்பதில்லை.

மற்றொன்று, பிடிப்பைத் தகடு கிடக்கும் மேசையில் அன்றிப் பாலச்சட்டத்திலோ தண்டவாளத்திலோ பிணைத்தல். அப்போது வெட்டு மின்னோட்டம் உருளைகள், தாங்கிகள் வழியாகச் செல்ல நேரும். அவை தீய்ந்து கெடும். அவற்றை ஒட்டி ஓடும் குறிப்புக்கம்பிகளும் கலங்கும். ஆதலின் மீள்தடம் தகட்டிற்கு அணித்தாக, சுரண்டித் தூய்மை செய்த பளிச்சிடும் உலோகத்தில், திருகாணியால் இறுகப் பிணைக்கப்படல் வேண்டும். அதனை டார்ச் கம்பியொடு சேர்த்தே மின்வழங்கிக்குக் கொண்டு செல்வது நலம். போகும் ஓட்டமும் மீளும் ஓட்டமும் அருகருகே எதிர்த்திசையில் ஓடுங்கால் அவற்றின் காந்தப் புலங்கள் ஒன்றையொன்று பெரிதும் அழித்துக்கொள்ளும்.

9. மூன்றாம் பொருள்: ஒப்புநிலம்

5 வோல்ட் குறிப்பு என்பதற்கு, ஓரிடத்தைச் சுழியமாகக் கொண்டு அதனினும் 5 வோல்ட் உயர்ந்தது என்றே பொருள். அந்தச் சுழியம் கணிப்பொறியிடத்தும் மோட்டார் இயக்கியிடத்தும் ஒன்றாக இருத்தல் வேண்டும். கடல்மட்டம் ஊருக்கு ஊர் வேறுபடின் மலையின் உயரத்தை எவ்வாறு ஒப்புநோக்குவது? சுழியங்கள் இரண்டும் வேறுபடின், அவ்வேறுபாடே குறிப்பாக உணரப்பட்டுப் பொய்த்துடிப்பாகும்.

இரண்டையும் தடித்த செம்புக்கம்பியால் இணைத்துவிட்டால் சுழியம் ஒன்றாகிவிடாதோ எனின், அதிர்வெண் நோக்கியே விடை கூறல் வேண்டும். 16 சதுர மில்லிமீட்டர்க் குறுக்குவெட்டுள்ள 10 மீட்டர்ச் செம்புக்கம்பியின் நேர்மின்தடை ஏறத்தாழ 0.011 ஓம். ஆயின் நீண்ட தனிக்கம்பி ஒன்றின் தூண்டல் அளவு மீட்டருக்கு ஒரு மைக்ரோஹென்றிக்குக் குறையாது. ஆகவே 10 மீட்டருக்கு 10 மைக்ரோஹென்றி. நொடிக்கு இருபது இலட்சம் அலைவுடைய ஓட்டத்திற்கு அது காட்டும் மறுப்பு ஏறத்தாழ 126 ஓம். ஒரே கம்பி; நேர்மின்னுக்கு வாயில், உயர் அதிர்வெண்ணுக்கு மதில். இரைச்சல் ஓட்டம் பத்தில் ஓர் ஆம்பியரே ஆயினும் கம்பியின் இருமுனைக்கும் இடையே 12 வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு எழும்; அது 5 வோல்ட் குறிப்பை விழுங்கப் போதுமானது.

தடிப்பைக் கூட்டுவதால் இக்குறை நீங்காது. உயர் அதிர்வெண் ஓட்டம் கடத்தியின் மேற்பரப்பிலேயே செல்லும். இருபது இலட்சம் அலைவில் அது செம்பினுள் இறங்கும் ஆழம் 0.05 மில்லிமீட்டர் அளவினதே. ஆதலின் வேண்டப்படுவன மூன்று: நீளம் குறைவு, அகலம் மிகுதி, சுருளாமை. மிகுந்த கம்பியை வட்டமாகச் சுற்றித் தொங்கவிடுதல் தூண்டலை வேண்டியே வளர்ப்பதாகும். பாலச்சட்டம், டார்ச் தூக்கி, கட்டுப்பாட்டுப் பெட்டி, மின்வழங்கியின் உடல் ஆகிய ஒவ்வொன்றினின்றும் தனித்தனிப் பட்டைக்கம்பி மேசையில் உள்ள ஒரே முனையில் வந்து கூடல் வேண்டும். ஒன்றன் உடலினின்று மற்றொன்றன் உடலுக்குச் சங்கிலியாகத் தொடுப்பின், முன்னதன் இரைச்சல் பின்னதன் சுழியத்தை ஆட்டும்.

10. குறிப்புக்கம்பியைக் காத்தல்

நில இணைப்பு முற்றும் செப்பமாயினும் புலங்கள் வழியே புகும் இரைச்சலைக் கம்பியமைப்பாலேயே தடுத்தல் வேண்டும். டார்ச் கம்பியும் குறிப்புக்கம்பியும் ஒரே தடத்தில் செல்லலாகாது. குறுக்கிட நேரின் செங்கோணத்தில் குறுக்கிடல் வேண்டும். குறிப்புக்கு இரு கம்பிகளை முறுக்கி ஆளுதல் நலம். தொலைபேசிக் கம்பிகளின் கலப்பைத் தடுக்க 1881-இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் காப்புரிமை பெற்ற முறை அது. முறுக்கிய இருகம்பியில் ஒன்றில் நேராகவும் மற்றொன்றில் எதிராகவும் குறிப்பைச் செலுத்தி, இரண்டன் வேறுபாட்டை மட்டும் கொள்வோமாயின், இரண்டிலும் ஒப்பப் புகுந்த இரைச்சல் தானே கழிந்துவிடும்.

கம்பியைச் சூழ்ந்த உலோகத்திரை மின்புலத்தைத் தடுக்கும். 1836-இல் ஃபாரடே அமைத்துக் காட்டிய உலோகக் கூண்டின் தத்துவம் அஃது. திரையை ஒரு முனையில் இணைப்பதா, இரு முனையிலும் இணைப்பதா என்பதில் பொறியாளரிடையே மாறுபாடு உண்டு. இம்மாறுபாடு பெரும்பாலும் அதிர்வெண்ணைக் குறிப்பிடாமையால் எழுந்ததே. தாழ் அதிர்வெண் இரைச்சலில் இருமுனை இணைப்பு ஒரு வளையத்தை உண்டாக்கித் திரையிலேயே ஓட்டத்தை வருவிக்கும். ஆதலின் ஒருமுனை தக்கது. உயர் அதிர்வெண்ணில் திரையின் விடுபட்ட முனை அலைவாங்கியாக மாறும். ஆதலின் இருமுனையும் தக்கது. இருசாராரும் தத்தம் எல்லையில் மெய்யே கூறினர் என்க.

இவற்றின் மேலும், ஒளியால் மட்டும் செய்தி கடத்தும் ஒளிப்பிணைப்பிகளை இடையே வைப்பின், கணிப்பொறியின் சுழியமும் இயக்கியின் சுழியமும் ஒன்றையொன்று தொடாமலே குறிப்பு கடந்துவிடும். ஈதர்நெட்டு இணைப்பில் சிறு மின்மாற்றிகள் இடைநின்று இதனையே செய்கின்றன, யு.எஸ்.பி. இணைப்பில் அத்தகைய பிரிப்பு இயல்பாக இல்லை. பிளாஸ்மா மேசையில் முன்னது நின்று இயங்க, பின்னது அடிக்கடி அறுபடுவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

11. நோய்முதல் நாடல்

பிழை நேர்ந்தபோது எல்லாவற்றையும் ஒருங்கு மாற்றுதல் முறையன்று. முதலில் வில் எழுப்பாமல் அதே வடிவை ஓட்டிப் பார்த்தல் வேண்டும். அப்போதும் பிறழின் குறை எந்திர உறுப்பிலோ கட்டளையிலோ உள்ளது, இரைச்சலில் அன்று. பிறழாவிடின், முன்னோடி வில்லை மட்டும் எழுப்பிப் பார்த்தல் வேண்டும். அக்கணத்திலேயே கலக்கம் காணின், ஐயுறத்தக்கவை உயர் அதிர்வெண்ணும் ஒப்புநிலமும் கம்பித்திரையுமாம். முன்னோடி வில்லில் அமைதியாக இருந்து, தகட்டிற்குத் தாவியபின்னரே கலங்கின், மீள்தடத்தையும் பிடிப்பையும் முதலில் நோக்கல் வேண்டும். டார்ச்சின் உயரம் மட்டும் அலையின், அழுத்தப் பிரிப்பானின் கம்பியையும் அதன் சுழிய இணைப்பையும் நோக்கல் வேண்டும். இணைப்புகளின் தடையை அளத்தல் மின்வழங்கலை முற்றும் துண்டித்த பின்னரே செய்யத்தக்கது. மூன்று நிலங்களும் வேறெனத் தெளிந்தவர்க்கே இவ்வரிசை பயன்படும். யாவும் ஒரே எர்த் எனக் கொள்வார்க்கு எங்கே தொடங்குவது என்பதே விளங்காது.

12. சொல்லாராய்ச்சி

பலபொருள் ஒருசொல்லைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் இருவகையாகப் பகுத்தார். வினையால் பொருள் வேறுபடுவது ஒன்று. வினையாலும் வேறுபடாதது மற்றொன்று. மா பூத்தது எனின் மரமென்பது வினையால் விளங்கும். மா வீழ்ந்தது எனின் மரமோ விலங்கோ என ஐயம் நிற்கும். இப்பிற்கூறிய வகைக்கு, கருதிய பொருளை வெளிப்படையாகக் கிளந்து கூறல் வேண்டும் என்பது அவர் விதி.

எர்த் என்னும் சொல் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. குழிக்கும் எர்த் கொடு என்பர். பிடிப்புக்கும் எர்த் கொடு என்பர். பலகைக்கும் எர்த் கொடு என்பர். வினை ஒன்றே, ஆதலின் பொருள் பிரியாது. பாடநூல்களில் வழங்கும் புவியிணைப்பு, புவித்தொடுப்பு, தரையிணைப்பு என்பன செம்மையான ஆக்கங்களே. ஆயினும் அவை ஆங்கிலச் சொல்லின் ஒலியை மாற்றினவேயன்றி மயக்கத்தை மாற்றவில்லை. மூன்றற்கும் அவற்றுள் ஒன்றையே ஆளின் பழைய இடர் புதுப்பெயரோடு தொடரும். மண்ணொடு தொடர்பே இல்லாத மீள்கம்பியைப் புவியிணைப்பு என்பது ஒருபடி மிகுந்த பிழையும் ஆகும். எர்த் என்பது பலர்க்கு இடுகுறிபோல் ஆகிவிட்டது. புவி என்பதோ பொருளை வெளிப்படக் காட்டி வழிபிறழ்விக்கும்.

ஆதலின் இக்கட்டுரையில் ஆளப்பட்ட காப்புநிலம், மீள்தடம், ஒப்புநிலம் என்னும் மூன்றும் ஆராய்ச்சிக்கு வைக்கப்படுகின்றன. இவற்றுள் மீள்தடத்தில் நிலம் என்னும் சொல் வேண்டுமென்றே விலக்கப்பட்டது. ஏனை இரண்டிலும் அடைமொழி செயலைக் காட்டுகின்றது: ஒன்று காப்பது, மற்றொன்று ஒப்பிடுதற்குரியது. இவற்றினும் எளியன தொழிலாளர் வாயினின்றே கிடைக்குமாயின் அவையே கொள்ளத்தக்கன. வேண்டப்படுவது சொல்லின் தூய்மையினும் பொருளின் பிரிவே.

13. முடிவு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு. காப்புநிலம் ஆளைக் காப்பது. அதனை எந்நிலையிலும் அறுத்தலாகாது. தனித்தண்டு அடிப்பினும் கட்டடத்தின் நிலத்தொடு பிணைத்தல் வேண்டும். மீள்தடம் வெட்டு வட்டத்தின் பாதி. அதன் செம்மை தொடுமுகத்தின் தூய்மையில் உள்ளது. ஒப்புநிலம் குறிப்பின் அளவுகோல். அதன் செம்மை கம்பியின் குறுமையிலும் அகலத்திலும் உள்ளது. மூன்றும் மேசையில் ஒரு முனையில் வந்து கூடலாம், கூடுவதால் ஒன்றாகிவிடா.

தொழிற்கல்வி நிலையங்களுக்குத் தமிழில் பாடம் எழுதுவோர் மொழிபெயர்க்கும் முன் இம்மூன்றையும் பிரித்தறிதல் வேண்டும். பொருள் மயங்கிய சொல்லொன்று நூலாராய்ச்சியில் ஒரு கருத்து வேறுபாட்டளவில் நின்றுவிடும்; மின்வழங்கலின் அருகில் நிற்பார்க்கோ அது 190 வோல்ட்டில் நிற்கும் இரும்பாகும்.